12க்கு 10 அடி அறையில் வாய்ப்பாட்டும் வீணையும் ரெக்கார்ட் செய்ய: மைக், ஹெட்போன், ஸ்பீக்கர் எதை வாங்கலாம்?

கேள்வி: சுருதிப்பெட்டி

வணக்கம். தூத்துக்குடியில் வீட்டு மாடி அறை ஒன்றைக் கச்சேரிப் பாட்டு ரெக்கார்டிங்குக்கு ஒதுக்கியிருக்கிறோம். நீளம் 12 அடி, அகலம் 10, உயரமும் 10. செங்கல் சுவர், மேலே கான்கிரீட், தரை மொசைக். ஒரு ஸ்டீல் பீரோ, தெருப் பக்கம் ஒரு ஜன்னல், ஒரு சீலிங் ஃபேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் சத்தம் குறைந்துவிடும்.

பாடுவது ஆண் குரல், ஒரு கட்டை (சி) சுருதி. வீணை தனியாக, மூன்று கட்டை (ஈ). இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியதில்லை. மிருதங்கம் வாசிப்பவர் வேறு ஊரில் இருக்கிறார், அவர் ஃபைலாக அனுப்பிவிடுவார்.

இப்போதைக்கு போனில்தான் எடுக்கிறோம். குளியலறையில் பாடின மாதிரி வருகிறது. அதிலும் கீழ்ப் பஞ்சமத்தில் நின்றால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ‘பொம்ம்’ என்று ஊதுகிறது. கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. மைக் கண்டென்சரா (மின்சாரம் கொடுத்தால் ஓடும் நுட்பமான வகை), டைனமிக்கா (மின்சாரம் வேண்டாத முரட்டு வகை)? ஹெட்போன் போதுமா, ஸ்பீக்கர் வேண்டுமா? மைக், ஸ்டாண்டு, ஃபோம் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் மூவாயிரத்துக்கு விற்கிற செட் எப்படி? சுவருக்கு முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகுமா?

பதில்: கார்வை

முட்டை அட்டையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது உறிஞ்சுவது கொஞ்சம் மேல் ஸ்தாயி ஒலியை மட்டும்தான். பளபளப்பு போய்விடும், ஊதல் அப்படியே நிற்கும். தீப்பிடித்தால் அறை முழுக்க எரியும் என்பது தனி.

ஊதலுக்குக் காரணம் உங்கள் அறையின் நீளம். நம் ஊர் வெக்கையில், 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். 12 அடி என்பது 3.66 மீட்டர். அந்த இரண்டு சுவருக்கு நடுவே நிற்கிற முதல் அலை 48 ஹெர்ட்ஸ், இரண்டாவது 95. ஒரு கட்டைக்கு ஷட்ஜம் 131, கீழ்ப் பஞ்சமம் 98. அதாவது நீங்கள் பஞ்சமம் பிடித்தால் அறையும் கூடவே பாடுகிறது. இதோடு அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்பதால் 57, 114 ஹெர்ட்ஸ் அலைகள் இரண்டு திசையிலும் சேர்ந்து இரட்டைப் பலத்தோடு நிற்கும். கீழ்க் கைசிகி நிஷாதம் 117 பக்கம் இருக்கிறது. கரகரப்பிரியா பாடிப் பாருங்கள், அதுவும் கொஞ்சம் தடித்துத்தான் கேட்கும். எந்த மைக் வாங்கினாலும் இது மாறாது. இடம் மாறினால் மாறும்.

இந்த இரண்டாவது அலை சுவர் ஓரத்திலும் அறையின் நட்டநடுவிலும் உச்சத்தில் இருக்கும். கால்பங்கு தூரத்தில் அடங்கிக் கிடக்கும். ஆகவே 12 அடி நீளத்தில், ஒரு கோடிச் சுவரிலிருந்து வாய் 3 அடியில் இருக்கிற மாதிரி, அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பக்கச் சுவரிலிருந்தும் இரண்டரை மூன்று அடி. உயரத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வாய் ஏறக்குறைய இரண்டரை அடியில் வரும், 10 அடிக்கு அதுதான் கால்பங்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் இந்தச் சௌகரியம் போய்விடும்.

பிறகு உறிஞ்சும் பொருள். மைக் உங்களைப் பார்த்து நிற்கிறது, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும் சேர்த்துப் பார்க்கிறது. எனவே முதல் செலவு அந்தச் சுவருக்கு. இன்சுலேஷன் சாமான் விற்கிற கடையில் ராக்வூல் பலகை கேளுங்கள், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. 2 அங்குலத் தடிமனில் வரும், இரண்டை ஒன்றாக வைத்து 4 அங்குலம் ஆக்கி, 4க்கு 2 அடி மரச் சட்டத்தில் அடைத்து, பருத்தித் துணி போர்த்த வேண்டும். பழைய வேட்டித் துணியே போதும், வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வருகிற துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுவரோடு ஒட்டாமல் 4 அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளிதான் இன்னும் கீழே உள்ள ஒலிக்கு வேலை செய்யும். ஆறு பலகை செய்தால் முதுகுப் பக்கம் இரண்டு, அருகில் உள்ள பக்கச் சுவரில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, மூலைகளில் நிற்க வைக்க இரண்டு. அடைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். அது வரும் வரை இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பின்னால் நிறுத்தி, தரையில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டே ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். குளியலறை வாசனை பாதி போயிருக்கும். ஊதலுக்கு மெத்தை போதாது.

பீரோவை வெளியே தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை அகாரத்தில் மெல்ல இழுத்துப் போகச் சொல்லுங்கள். எங்கே தகடு கிறுகிறுவென்று கைக்குத் தெரிகிறதோ அங்கே கதவுச் சந்தில் துணி செருகுங்கள். சாவிக்கொத்து பூட்டில் தொங்கக் கூடாது.

இனி மைக். ஃபேன் நிறுத்திய அறையில், நல்ல ராத்திரியில்கூட 30 டெசிபல் பின்னணிச் சத்தம் இருக்கும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல். அதே கம்பெனியின் ஏடி2035க்கு 12. ரோட் என்டி1க்கு 4. முப்பதோடு இருபது சேர்ந்தால் 30.4 தான் ஆகும், டெசிபல் கணக்கு அப்படி. ஆக, குரலுக்கு மட்டும் என்றால் 2020க்கு மேல் போவது தண்டம். வீணையும் இருப்பதால், அதன் சன்னமான கார்வைக்காக 2035 என் தேர்வு. அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்சும் உண்டு. உங்கள் பஞ்சமம் 98 என்பதால் குரலுக்கு அதைத் தைரியமாகப் போடலாம். சாஃப்ட்வேரில் 120இல் வெட்டச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள், அது பெண் குரலுக்கு ஆகும், ஒரு கட்டை ஆண் குரலுக்கு அடிவயிற்றையே எடுத்துவிடும்.

மூவாயிரம் செட் வேண்டாம். அதில் வருகிற வயரின் ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கான மூன்று பின் இணைப்பு), மறுமுனை 3.5 மில்லிமீட்டர் பின். லேப்டாப்பின் மைக் துளை கொடுக்கிற சொற்ப வோல்ட்டில்தான் ஓடும். மைக் பரவாயில்லாமல் இருந்தாலும் லேப்டாப்பின் இரைச்சல் முழுக்க உள்ளே வரும்.

பதில்: மேடைமணி

சார், தெரு ஜன்னல் இருக்கிற அறைக்குக் கண்டென்சரா? பக்கத்து வீட்டு மிக்ஸியும் நாயும் சேர்ந்து பாடும். ஷ்யூர் எஸ்எம்58 வாங்குங்கள். டைனமிக் என்பதால் தூரத்துச் சத்தம் ஏறாது, கீழே விழுந்தாலும் கவலையில்லை, கண்டென்சருக்குத் தர வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் இதற்குத் தேவையில்லை, கடல் காற்றுக்கும் அசையாது. வாங்கும்போது போலி ஜாக்கிரதை, சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் எஸ்எம்58 என்ற பெயரில் எதுவும் கிடைக்கும். அசல் எடை 298 கிராம், சமையல் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். போலி பெரும்பாலும் அதைவிட லேசாக இருக்கும்.

பதில்: நடுமண்டபம்

மேடைமணி சொன்னதில் உழைப்பு, ஈரப்பதம், போலி மூன்றும் சரி. தூரத்துச் சத்தம் ஏறாது என்பது பாதி உண்மைதான். எஸ்எம்58ஐ உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிக்கிறோம், கண்டென்சரை ஒரு அடி தள்ளி வைக்கிறோம். வித்தியாசம் அந்தத் தூரத்தில் வருகிறது. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவுக்கு வரும்படி கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவைச் சரிசெய்துவிட்டால் மிக்ஸியும் நாயும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். இரண்டுமே கார்டியாய்டு, அதாவது முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் எடுக்கும் வகை.

இரண்டு விரல் தூரத்தில் கச்சேரிப் பாட்டு எடுப்பதில் என்ன சிக்கல் என்றால், கார்டியாய்டு மைக்குக்கு மிக அருகில் போனால் கீழ் ஒலி வீங்கும். பிர்கா, கமகத்தின்போது தலை இயல்பாகவே அசையும். ஒரு அங்குலம் முன்னே பின்னே போனாலும் குரலின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மேடையில் ஜனங்கள் கவனிக்க மாட்டார்கள், ஹெட்போனில் கேட்பவர் கவனிப்பார். 10 அங்குலத்தில் வைத்தால் அதே ஒரு அங்குல அசைவு தெரியவே தெரியாது.

அந்தத் தூரத்தில் எஸ்எம்58க்குக் கெயின் போதுமா என்பது அடுத்த கேள்வி. அதன் வெளியீடு ஒரு பாஸ்கலுக்கு 1.9 மில்லிவோல்ட், ஏடி2020க்கு 14. பதினேழரை டெசிபல் வித்தியாசம். அதை, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ்தான் ஈடுகட்ட வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறையில் சோலோ 57 டெசிபல் தரும், 2ஐ2 தருவது 69. கண்டென்சருக்கு சோலோவே தாராளம். டைனமிக்தான் என்று முடிவெடுத்தால் 2ஐ2க்குப் போங்கள்.

தெருச் சத்தத்துக்கு வேறு வழி இருக்கிறது. கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம் காது மந்தம். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள், அதாவது நீங்கள் ஜன்னலைப் பார்த்துப் பாடுவீர்கள். கார்வை சொன்ன 3 அடிக் கணக்குக்கு இரண்டு கோடிச் சுவரும் ஒன்றுதான். ஜன்னல் எந்தக் கோடியில் இருக்கிறதோ அதற்கு எதிர்க் கோடியைத் தேர்ந்தெடுங்கள்.

மைக் வாய்க்கு நேராக வேண்டாம். மூக்கு உயரத்தில் வைத்து, வாயை நோக்கி லேசாகக் கீழே சாயுங்கள், 10 அங்குலம். ‘ப’ போன்ற எழுத்துகளின் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து மூன்று விரல் முன்னால். சம்மணம் போடுவதால் உயரமான ஸ்டாண்டு ஒத்துவராது, குட்டையான பூம் ஸ்டாண்டு கேளுங்கள். கெயினைத் தார ஸ்தாயியில் உரக்கப் பாடும் இடத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும், ஆரம்பத்து ஆலாபனையை வைத்து அல்ல. அந்த உரத்த இடம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டக் கூடாது. 24 பிட்டில் எடுத்தால் கீழ் ஸ்தாயி மைனஸ் 35இல் கிடந்தாலும் ஒன்றும் கெடாது.

சுருதிப்பெட்டி

மிக்க நன்றி. ஜன்னல் 12 அடியின் ஒரு கோடியில்தான் இருக்கிறது, எதிர்க் கோடி காலி. கேட்பது பற்றி இன்னும் தெளிவில்லை. போனில் தம்புரா ஆப் ஓடவிட்டுப் பாடுவதுதான் பழக்கம். ஹெட்போன் போட்டால் சுருதி விலகுகிறது என்று பாடுபவர் சொல்கிறார்.

பதில்: நடுமண்டபம்

சுருதி விலகுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, ஹெட்போனில் சத்தம் அதிகம். உரக்கக் கேட்கும்போது கீழ் ஒலிகள் சுருதி இறங்கியது போல் காதுக்குத் தோன்றும், பாடுபவர் அதற்கு இழுபடுவார். தம்புராவைக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசினால் புரிகிற அளவு போதும்.

இரண்டு, தாமதம். லேப்டாப் வழியாகத் தன் குரலைக் கேட்டால் போகவும் வரவும் நேரம் பிடிக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித் துண்டு) 128 என்றால் ஒரு வழிக்கே 2.7 மில்லிசெகண்டு, மாற்றிகளும் யூஎஸ்பியும் சேர்ந்தால் மொத்தம் சுலபமாகப் பத்தைத் தொடும். எலும்பு வழியாகக் கேட்கிற குரலும் காது வழியாகத் தாமதமாக வருகிற குரலும் மோதி, குரல் குழாய்க்குள் இருப்பது போல் ஆகிவிடும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணையுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்று, இரண்டு காதும் மூடியிருப்பது. பாட்டுக்காரர்களுக்குத் தன் குரல் காற்று வழியாகவும் வர வேண்டும். ஒரு காதை விலக்கிக்கொள்ளட்டும். ஆனால் விலக்கிய பக்கத்து ஸ்பீக்கர் வெளியே கூவிக்கொண்டிருக்கும், அது மைக்கில் ஏறும். எனவே தம்புராவை மூடியிருக்கிற காதுப் பக்கம் முழுக்கத் தள்ளிவிடுங்கள்.

ஹெட்போன் மூடிய வகைதான், திறந்த வகை பாடுவதற்கு ஆகாது. சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மூன்றில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அது. 770இல் 80 ஓம் கேளுங்கள், 250 ஓம் சின்ன இன்டர்ஃபேஸில் சன்னமாகக் கேட்கும்.

தம்புராவை அறைக்குள் போனில் ஓடவிடாதீர்கள், குரலோடு ஒட்டிப்போய்விடும், பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆப்பிலிருந்து பத்து நிமிடத்தை ஃபைலாக எடுத்து ஒரு டிராக்கில் போடுங்கள். ஹெட்போனிலிருந்து கொஞ்சம் தம்புரா கசிந்தால் கேடில்லை, எப்படியும் பாட்டில் தம்புரா இருக்கப்போகிறது. தாளத்துக்கு மெட்ரோனோம் வைத்தால்தான் ஆபத்து. விருத்தம் பாடி நிறுத்தும் நிசப்தத்தில் ‘டிக் டிக்’ கேட்கும். அந்த இடங்களில் மெட்ரோனோமை வெட்டிவிடுங்கள்.

மிருதங்கக்காரருக்கு இரண்டு தகவல் எழுதி அனுப்புங்கள்: சுருதி சி, 440 கணக்கில், சென்ட் பூஜ்யம். ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ். 44.1இல் எடுத்த ஃபைல் மாற்றப்படாமல் 48இல் ஓடினால் வேகமும் கூடும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். மிருதங்கம் வலந்தலை சேராமல் ஒலித்தால் அவரைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்.

ஸ்பீக்கரை இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணம் ராக்வூலுக்குப் போகட்டும். 98இல் ஊதுகிற அறையில் ஸ்பீக்கர் வைத்து மிக்ஸ் செய்தால், ரெக்கார்டிங்கில் இல்லாத ஊதலை நீங்களே வெட்டுவீர்கள், வெளியே கேட்பவருக்குக் குரல் ஒல்லியாக இருக்கும். பின்னால் வாங்கும்போது 5 அங்குலம் போதும். யமஹா எச்எஸ்5 மாதிரி, பின்பக்கம் கீழ் ஒலியைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதாக. சுவரிலிருந்து 2 அடி தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸில் பள்ளம் போடும், குரலின் அஸ்திவாரமே அங்கேதான். அதனால் 4, 5 அங்குலம் வரை சுவரை ஒட்டி வைத்து, சுவிட்சை மைனஸ் 2இல் போடுவது சின்ன அறைக்கு நல்லது.

பதில்: எர்த்பின்

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன். புது மைக்கில் ‘ங்ங்ங்’ என்று ரீங்காரம் வந்தால் மைக்கைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜரும் எர்த்தும். பிளக் பாயின்ட்டில் எர்த் வயர் நிஜமாகவே இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். ரீங்காரம் போக எர்த் பின்னை உடைக்கச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், மைக் உடம்பில் கை வைத்தால் ஷாக் அடிக்கும் நிலை அப்படித்தான் வருகிறது.

பேட்டரியிலும் நிற்கவில்லையா? ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். தொடர்ச்சியாகத் திருகுகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அதே லைனில் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கூச்சலைக் கிளப்பும், பக்கத்து அறை ஃபேனாக இருந்தாலும் சரி. பழைய சோக் டியூப்லைட்டும் அப்படியே. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, அது சைன் வேவ் இல்லாத பழைய வகை என்றால், ரெக்கார்டிங்கையே நிறுத்திவிடுங்கள். எக்ஸ்எல்ஆர் வயரை எக்ஸ்டென்ஷன் வயரோடு சேர்த்துச் சுருட்டி வைக்கக் கூடாது, குறுக்கே போகட்டும். போன் ஏரோபிளேன் மோடில்.

48 வோல்ட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கெயினையும் ஹெட்போனையும் பூஜ்யத்துக்கு இறக்கி, வயரைச் செருகி, பிறகு 48ஐப் போடுங்கள். கழற்றும்போது 48ஐ அணைத்துச் சில நொடி விட்டுக் கழற்றுங்கள்.

கடலோரம் என்பதால் ஈரம். கண்டென்சர் மைக் திடீரென்று ‘பட்... பட்பட்’ என்று பொரிந்தால் காப்ஸ்யூலில் ஈரம் ஏறியிருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஒரு ராத்திரி வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஹேர் டிரையர் காட்டினால் சவ்வு போய்விடும். எப்போதுமே அந்த டப்பாவில்தான் மைக் தூங்க வேண்டும். ஏசி போட்ட அறையிலிருந்து மைக்கை வராந்தாவுக்கு எடுத்துப் போனால் கண்ணாடி வேர்ப்பது போல் உள்ளே வேர்க்கும், டப்பாவோடு கொண்டுபோய் அரை மணி கழித்துத் திறங்கள். ரெக்கார்டிங் அறையில் ஊதுபத்தி வேண்டாம், புகை சவ்வில்தான் படியும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுருதிப்பெட்டி

ராக்வூல் விசாரித்தாயிற்று, உள்ளூரிலேயே கிடைக்கிறது. 2035ம் சோலோவும் வாங்கலாம் என்று முடிவு. வீணைக்கு மைக்கை எங்கே வைப்பது?

பதில்: கார்வை

வீணைக்கு 80 சுவிட்சை மறக்காமல் அணையுங்கள். மூன்று கட்டையில் அனுமந்தரத் தந்தி, அதாவது ஆகக் கீழான தந்தி, 62 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும், சுவிட்ச் அதைத் தின்றுவிடும். அறையின் 57க்கும் இது அருகில்தான். அந்த அலை அகலத்தின் நடுவில் அடங்கியிருக்கும் என்பதால், குரலுக்குச் சொன்னது போல் ஓரமாக இல்லாமல், வீணையை இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே வையுங்கள். நீளத்தில் அதே கோடிதான்.

மைக் குடத்துக்கு முன்னால் ஒன்றரை அடி, வீணைத் தளத்துக்கு ஒரு முழம் உயரத்தில், குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே பார்க்கட்டும். குதிரைப் பக்கம் நகர்த்தினால் மீட்டின் நகச் சத்தம் கூடும், குடத்தை நேராகப் பார்த்தால் மொத்தமும் உருண்டுவிடும். மெட்டில் விரல் வழுக்கும் ‘கீச்’ உறுத்தினால் மைக்கை மெட்டுகளிலிருந்து விலக்கிக் குடத்தின் பக்கம் ஒரு சாண் திருப்புங்கள், மேலும் பின்னால் இழுக்காதீர்கள், அறைதான் கூடும். மூன்று இடத்தில் அதே தானத்தை அரை நிமிடம் எடுத்து, ஒலி அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சமமாக்காமல் கேட்டால் எது உரக்க இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.